தரைக்கு வராத சொட்டு

ஜெயராஜ் சிரித்தது இரண்டு நொடிக்கு மேல் இருக்காது. வாய்விட்டுக்கூடச் சிரிக்கவில்லை. மூக்கு வழியாக ஒரு காற்று போனது, தோள் ஒரு தடவை குலுங்கியது, அவ்வளவுதான். ஆனால் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் இயங்கிவரும் 'கிள்ளான் பள்ளத்தாக்கு நூதனத் திரைப்படச் சுவைஞர் பேரவை'யின் பதினாறு ஆண்டு வரலாற்றில், படம் ஓடும்போது யாரும் சிரித்ததில்லை.

நாற்காலிகள் திரும்பின. தலைவர் சண்முகரத்தினம் கையிலிருந்த குடையின் நுனியால் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். செயலாளர் வசுந்தரா கைத்தொலைபேசியில் நேரத்தைக் குறித்துக்கொண்டார். துணைத்தலைவர் இராமலிங்கம் மட்டும் திரும்பவில்லை. அவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பேரவையில் அதற்கு 'ஆழ்ந்த பார்வை' என்று பெயர். அதற்கு அனுமதி உண்டு.

பத்து நாள் கழித்து, காப்பாரில் ஜெயராஜின் வீட்டுக்குப் பதிவுத் தபாலில் ஓர் உறை வந்தது. மனைவி குமுதாதான் கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஜெயராஜ் வேலை முடிந்து வந்து மோட்டாரை நிறுத்துவதற்குள் பிரித்துப் படித்தும் முடித்திருந்தார்.

"ஷோ காஸ் லெட்டர் வந்திருக்கு. பயப்படாதீங்க, வேலையிலேந்து இல்ல. அந்தப் படச் சங்கத்துலேந்து. படம் பாக்கப் போன எடத்துல ஷோ காஸ் வாங்குன மொத ஆளு நீங்கதான்லா."

ஜெயராஜ் ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே படித்தார். மூன்று குற்றச்சாட்டுகள். முதலாவது, 'மூடிய கதவு' படத்தின் மகா அசைவின்மைப் பகுதியில், ஒன்பதாவது நிமிடத்தில் சிரித்தது. இரண்டாவது, அதற்குச் சற்று முன்பு, ஏதோ நடக்கப்போகிறது என்று எதிர்பார்ப்பவரைப் போல முன்னால் குனிந்து உட்கார்ந்தது. மூன்றாவது, படம் முடிந்ததும் தரப்படும் புரியாமைப் படிவத்தில், 'உங்களுக்குப் புரியாதவற்றை விரித்துரைக்க' என்ற ஏழாம் கேள்விக்கு, 'நல்லா இருந்துச்சு' என்று பதில் எழுதியது. மூன்று வாரத்தில் விசாரணை. குற்றம் உறுதியானால் உறுப்பியம் ரத்தாகும், அட்டையைத் திருப்பித் தர வேண்டும், அதன் பிறகு அந்தப் படிக்கட்டில் ஏறக் கூடாது.

படிக்கட்டில் ஏறக் கூடாது என்ற வரியில் அவர் விரல் நின்றது. ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது.

ஜெயராஜுக்கு ஐம்பத்திரண்டு வயது. கிள்ளான் துறைமுகத்துப் பக்கம் ஒரு கண்டெய்னர் கிடங்கில் ஜாகா, அதாவது காவலாளி வேலை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வேலியைச் சுற்றிவரும் ஜாகா அல்ல. குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து பன்னிரண்டு கேமராக்களின் படங்களைப் பார்க்கும் ஜாகா. பத்தொன்பது வருடமாக ஒன்றும் நடக்காததைப் பார்த்து, மணிக்கு ஒரு முறை 'ஒன்றும் நடக்கவில்லை' என்று நோட்டில் எழுதிவந்தார். எழுதும்போதெல்லாம் ஒரு பயம் இருக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்று அவர் எழுதும் அந்த நேரத்தில் ஏதாவது நடந்துகொண்டிருக்கலாம் அல்லவா.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பூமாலை சொல்லிவைக்க பிரிக்ஃபீல்ட்ஸ் வந்தவர், மழைக்கு ஒதுங்கிப் பூக்கடைப் படிக்கட்டில் ஏறினார். மூன்றாம் மாடியில் கதவு திறந்திருந்தது. உள்ளே இருட்டு. திரையில் ஒருவன் பஸ்ஸுக்காக நின்றான். நின்றுகொண்டே இருந்தான். ஜெயராஜும் வாசலில் நின்று பார்த்தார். கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. பஸ் வந்தது. அவன் ஏறவில்லை. பஸ்ஸிலிருந்து ஒரு வாத்து இறங்கியது. அவன் அதன் பெட்டியை வாங்கிக்கொண்டு அதோடு நடந்து போனான்.

ஜெயராஜ் வழக்கமாகப் பார்க்கும் படங்களில், யார் யாரைக் கட்டுவார்கள், எந்த நண்பன் சாவான் என்பது பத்தாவது நிமிடத்திலேயே தெரிந்துவிடும். பாட்டுக்கு முன் மழை வரும் என்பதுகூடத் தெரியும். இந்த வாத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. வாத்துக்குப் பிறகு எது வேண்டுமானாலும் வரலாம் என்பது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. அதுவும் ஒரு வகைப் பயம்தான். ஆனால் அதைப் பற்றி நோட்டில் எழுத வேண்டியதில்லை. மறுநாள் வேலையில், நான்காம் கேமராவில் ஒரு பூனை கண்டெய்னர் மேல் நடந்து போனது. அது எங்கே போகிறது என்று அவர் முதல் தடவையாகப் பார்த்தார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கிள்ளானில் மோட்டாரைப் போட்டுவிட்டு, ரயில் பிடித்து சென்ட்ரல் நிலையத்தில் இறங்கி, நடந்து வந்து அந்த மூன்று மாடி ஏறினார்.

"வேலையில உக்காந்து டிவி பாக்குறீங்க, லீவு அன்னிக்கு டிவி பாக்க ட்ரெயின் ஏறுறீங்க," என்று குமுதா சொல்வார். வேலை போனால் வேறு கிடங்கில் ஜாகாவாகச் சேர்ந்துகொள்ளலாம். இந்தப் படிக்கட்டு போனால் வேறு படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

பேரவையின் நடைமுறைகள் அவருக்கு விளங்கியதே இல்லை. படம் முக்கால் மணி நேரம்தான். ஆனால் அதற்கு முன் குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, அந்தந்த உரைக்குரிய பொன்னாடை, பொன்னாடைக்குரிய படமெடுப்பு எல்லாம் உண்டு. பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் திரையில் முதல் வெளிச்சம் விழ நான்கரை ஆகும். ஒரு படம் தங்களுக்குப் பிடித்திருப்பதாக மூன்று உறுப்பினர்கள் எழுதிவிட்டால், அது போதிய நூதனமில்லாத படம் என்று பட்டியலிலிருந்து நீக்கப்படும். வாத்துப் படம் அப்படித்தான் போனது.

நீக்கவே முடியாத ஒரே படம் 'மூடிய கதவு'. அதன் உண்மையான தலைப்பு யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்தில் இருந்ததால் பேரவையே அந்தப் பெயரைச் சூட்டியிருந்தது. ஒரு பெண் கையில் வாளியோடு நீண்ட நடைவழியில் நடக்கிறாள். லிஃப்டில் ஓர் ஆடு ஏறி இறங்குகிறது. முப்பத்தோராவது நிமிடத்தில் அவள் ஒரு கதவின் முன் நின்று கைப்பிடியில் கை வைக்கிறாள். அப்படியே நிற்கிறாள். சத்தமும் நின்றுவிடுகிறது. பதினோரு நிமிடம் அப்படியே இருந்து, திரை கறுத்து, படம் முடிகிறது. இதுதான் மகா அசைவின்மை. இதைப் பற்றி இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு சிறப்பு மலர் வெளிவந்திருக்கிறது. அதில் தலைவரின் கட்டுரை மட்டும் அறுபது பக்கம். மலரை டத்தோ பட்டம் பெற்ற ஒரு பிரமுகர் வெளியிட்டார்.

ஜெயராஜ் கவனித்தது ஒரு சின்ன விஷயம். அந்தப் பெண்ணின் வாளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அது வாளிக்கும் தரைக்கும் நடுவில் நின்றது. முதல் நிமிடத்தில் அங்கே இருந்தது. நான்காம் நிமிடத்திலும் அங்கேயே இருந்தது. விழுந்துவிடும் என்று அவர் முன்னால் குனிந்தார். விழவில்லை. ஒன்பதாம் நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. மேசையிலிருந்த பேரவையின் பழைய மடிக்கணினி அந்த இடத்தில் திணறி, ஹேங் ஆகி நிற்கிறது. கொஞ்ச நேரத்தில் அதுவே சோர்ந்து திரையை அணைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் மகா அசைவின்மை.

வேறு யாராவது இருந்தால் தெரிந்திருக்காது. ஆனால் கிடங்கில் ராஜன் என்று ஒருவர் இருந்தார். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நாள் ஆறாம் கேமராவின் படம் நின்றுபோய், காலையில் இருந்த நிறைந்த முற்றத்தையே மாலைவரை காட்டிக்கொண்டிருந்தது. உண்மையான முற்றத்திலிருந்து இரண்டு லோரிகள் போய்விட்டிருந்தன. "படத்துல எல்லாம் இருந்துச்சு சார்," என்று விசாரணையில் ராஜன் சொன்னதை இன்றும் கிடங்கில் சொல்லிச் சிரிப்பார்கள். மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விசாரித்தார்கள். முக்கால் மணி நேரத்தில் ராஜன் வெளியே வந்து அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். அன்றிலிருந்து ஜெயராஜ் எந்தப் படத்தைப் பார்த்தாலும் முதலில் அசைகிற ஒன்றைத் தேடுவார். ஓர் இலை, கொடி, பூனையின் வால். அசைகிறது என்றால் உயிரோடு இருக்கும் படம்.

படம் நின்றதைப் பார்க்காததற்காக ராஜனுக்கு வேலை போனது. படம் நின்றதைப் பார்த்ததற்காகத் தனக்குப் படிக்கட்டு போகப்போகிறது என்று ஜெயராஜ் நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிவிடலாமா என்று குமுதாவிடம் கேட்டார்.

"அவங்க புக்கு போட்டிருக்காங்க, டத்தோ வந்திருக்காரு," என்றார் குமுதா. "நீங்க போயி, அது மெஷின் கெட்டுப்போனதுன்னு சொல்லப்போறீங்களா? வாய மூடிக்கிட்டு ஸாரி சொல்லிட்டு வாங்க."

விசாரணைக்கு முன்னதாக, குற்றம்சாட்டப்பட்டவர் அசைவின்மைப் பயிற்சி வகுப்பு ஒன்றில் கலந்துகொள்ள வேண்டும் என்று விதி. அடுத்த ஞாயிறு அவரை மேலும் இருவரோடு ஒரு வெள்ளைச் சுவரின் முன் உட்கார வைத்தார்கள். ஒரு மணி நேரம் எதையும் எதிர்பார்க்காமல் சுவரைப் பார்க்க வேண்டும். வசுந்தரா பக்கத்தில் குறிப்பேட்டோடு நின்றார். ஜெயராஜ் சுவரைப் பார்த்தார். இருபது நிமிடம் நன்றாகத்தான் போனது. பிறகு மேல் மூலையிலிருந்து ஒரு பல்லி வந்தது. அது சுவரின் நடுவில் நின்று யோசித்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு பல்லி வந்தது. ஜெயராஜால் முடியவில்லை. பார்த்துவிட்டார். 'பயிற்சியின்போது பல்லிகளைத் தொடர்ந்து கண்ணை ஓட்டியது' என்பது நான்காம் குற்றச்சாட்டாகச் சேர்ந்தது.

அந்த வாரம் முழுக்க அவர் மோட்டார் கண்ணாடியில் முகத்தைப் பழக்கினார். சிரிக்காத முகம் எளிதாக வந்தது. எதையும் எதிர்பார்க்காத முகம்தான் வரவில்லை. கண் கிடந்து தேடியது.

விசாரணை நாளில் மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சண்முகரத்தினம், நில அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். வலப்பக்கம் வசுந்தரா, ஒரு நிறுவனத்தில் மனிதவள நிர்வாகி. இடப்பக்கம் இராமலிங்கம், கறுப்புக் கண்ணாடியோடு. மற்ற உறுப்பினர்கள் பார்வையாளர்களாக வரிசையில் இருந்தார்கள். மேசையைக் கண்டதும் ஜெயராஜுக்கு ராஜனின் ஞாபகம் வந்தது.

முதலில் குத்துவிளக்கு ஏற்றினார்கள். குற்றம்சாட்டப்பட்டவர்தான் முதல் திரியை ஏற்ற வேண்டுமாம். மூன்று குச்சி உடைந்து நான்காவதில் பற்றியது. அடுத்து, மேடைக்கு அழைக்கப்படும் யாருக்கும் சிறப்புச் செய்ய வேண்டும் என்று பேரவையின் சட்டவிதி சொல்வதால், தலைவர் எழுந்து அவருக்குப் பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். சிரிக்கும்படி படமெடுத்தவர் சொன்னார். ஜெயராஜ் பயந்துபோய் வசுந்தராவைப் பார்த்தார். "இப்ப சிரிக்கலாம்," என்றார் வசுந்தரா.

பிறகு தலைவர் பேசினார். மேடையில் அவர் எப்போதும் எழுத்துத் தமிழில்தான் பேசுவார்.

"அன்பர்களே. நாம் தொடங்கியபோது நூற்று நாற்பது பேர் இருந்தோம். இன்று பதினேழு பேர். நமது தரம் எந்த அளவுக்கு உயர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஐந்து பேராகும்போது நாம் உலகத் தரத்தைத் தொட்டுவிடுவோம். ரசிப்பதற்காகப் படம் பார்ப்பவர்களுக்கு ஊரெல்லாம் அரங்குகள் இருக்கின்றன. நாம் இங்கே கூடுவது ரசிப்பதற்காக அல்ல. முப்பத்திரண்டு வருடம் அரசாங்கக் கோப்புகளைப் பார்த்தவன் நான். அவற்றில் ஒன்றுகூட எனக்குப் புரிந்ததில்லை. ஆனால் ஒரு நாளாவது என் முகத்தில் அது தெரிந்ததா? கேட்டுப் பாருங்கள். அந்தப் பயிற்சியைத்தான் கலையாக மாற்றி இந்தச் சமுதாயத்துக்குக் கொடுத்திருக்கிறேன்."

கைதட்டினார்கள். இராமலிங்கமும் தூக்கத்தில் இரண்டு தட்டுத் தட்டினார்.

வசுந்தராவின் கேள்விகள் அலுவலக முறையில் இருந்தன. "மிஸ்டர் ஜெயராஜ், நீங்க ஒன்பதாவது நிமிஷம் எதப் பாத்து சிரிச்சீங்க?"

"தண்ணிச் சொட்டு மேடம்."

"எந்தச் சொட்டு?"

"வாளியிலேந்து ஒழுகுச்சே, அது. கீழ விழல மேடம்."

தலைவர் மலரைப் புரட்டினார். பொருளடக்கத்தைப் பார்த்தார். "இருநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் சொட்டு என்ற சொல்லே இல்லை," என்று அறிவித்தார். "ஆகவே படத்தில் சொட்டு இல்லை. இல்லாத ஒன்றைப் பார்த்ததாகச் சொல்வதை ஐந்தாம் குற்றச்சாட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்."

ஜெயராஜ் பொன்னாடையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் வசுந்தரா எழுந்து, நேரடிச் சோதனை ஒன்று நடத்தினால் நியாயமாக இருக்கும் என்றார். குற்றம்சாட்டப்பட்டவர் எல்லார் முன்னிலையிலும் 'மூடிய கதவு' படத்தை மறுபடி பார்க்க வேண்டும். அவர் முகத்தைக் கேமரா பதிவுசெய்ய வேண்டும். முகத்தில் எதிர்பார்ப்பு தெரிந்தால் அதுவே தீர்ப்பு. எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். பதிவுசெய்யும் வேலையைப் பேரவையின் பழைய மடிக்கணினிக்குக் கொடுத்து அதை ஜெயராஜின் முகத்துக்கு நேராக வைத்தார்கள். அதனால் படத்தை ஓட்டுவதற்கு வசுந்தரா தன் அலுவலகக் கணினியை எடுத்துத் தந்தார். புதியது. போன மாதம்தான் கொடுத்தார்களாம்.

விளக்கை அணைத்தார்கள். பத்தொன்பது வருடமாகக் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர் அன்று முதல் தடவையாக அதன் முன்னால் உட்கார்ந்தார். கண் இமைப்பது எத்தனை சத்தமான காரியம் என்று அன்றுதான் தெரிந்தது. நடைவழி வந்தது. ஆடு வந்தது. ஆட்டைப் பார்க்கும்போது வாய் துடித்தது. உள்ளே கன்னத்தைக் கடித்துக்கொண்டார். முப்பத்தோராம் நிமிடம். பெண் கதவின் முன் வந்து நின்றாள். கைப்பிடியில் கை வைத்தாள். எல்லாரும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்து வைத்ததுபோல் ஆக்கிக்கொண்டார்கள். வாளியிலிருந்து சொட்டு கிளம்பியது.

சொட்டு தரையில் விழுந்தது. டொக் என்று சத்தம் கேட்டது.

யாரோ ஒருவர் "ஐயோ" என்றார். திரையில் அந்தப் பெண் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கதவு அரை அங்குலம் அசைந்தது. அதன் பின்னாலிருந்து இரைச்சல்போல் ஏதோ கேட்டது.

"நிறுத்து!" என்று கத்தினார் சண்முகரத்தினம். "லைட்டப் போடு! யாரும் பாக்காதீங்க!"

விளக்கு எரிந்தது. வசுந்தரா கணினியை அறைந்து மூடினார். உறுப்பினர்கள் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் மலரால் முகத்தை மறைத்திருந்தார்கள். இராமலிங்கம் பதினாறு ஆண்டில் முதல் தடவையாகக் கண்ணாடியைக் கழற்றி, "என்னாச்சு, படம் ஓடுதா?" என்று கேட்டார். ஜெயராஜ் மட்டும் திரையைப் பார்த்தபடி இருந்தார். எதிர்பார்க்காத முகம் என்று ஒன்று அவரிடம் அப்போது இல்லவே இல்லை. ஆனால் அவரைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. அவரைப் பார்க்க வேண்டிய பழைய மடிக்கணினி ஆட்டுக் காட்சியிலேயே ஹேங் ஆகியிருந்தது. அதை மறுபடி எழுப்பப் பார்த்தார்கள். எழவில்லை.

அவசரச் செயற்குழு அங்கேயே கூடியது. விவாதம் ஒரு மணி நேரம் நடந்தது. யாரோ படத்தைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். வசுந்தராவின் கணினியில் வைரஸ் இருக்கலாம் என்று இன்னொருவர் சொன்னார். வசுந்தரா அதைக் கடுமையாக மறுத்தார். கடைசியில் தலைவர் எழுந்தார்.

"இந்த மலரை ஒரு டத்தோ வெளியிட்டிருக்கிறார். டத்தோ வெளியிட்ட நூலில் பிழை இருக்க முடியாது. ஆகவே பிழை படத்தில்தான் இருக்கிறது. முப்பத்தோராம் நிமிடத்துக்குப் பின்னால் வருவதை இந்தப் பேரவை படமாக அங்கீகரிக்கவில்லை."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஆனால் ஒரு சிக்கல் வந்தது. அடுத்த மாதம் ஆண்டுவிழா. டத்தோ வருகிறார். 'மூடிய கதவு' காட்டியாக வேண்டும். பழைய கணினி செத்துவிட்டது. புதிய கணினி நிற்கப்போவதில்லை. யாராவது ஒருவர் சரியான நொடியில் கையால் நிறுத்த வேண்டும். அரை நொடி பிந்தினால் கதவு அசைந்துவிடும். எந்த நொடி என்று யாருக்குத் தெரியும்?

ஒவ்வொருவராகத் திரும்பி, பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்கள்.

"மிஸ்டர் ஜெயராஜ்," என்றார் வசுந்தரா மெதுவாக. "அந்தச் சொட்டு எங்க நிக்கும்னு உங்களுக்குக் கரெக்டா தெரியுமா?"

"தெரியும் மேடம். தரைக்கு ஒரு சாண் மேல."

ஐந்து குற்றச்சாட்டுகளும் திரும்பப் பெறப்பட்டன. ஜெயராஜ் 'அசைவின்மைக் காப்பாளர்' என்ற புதிய பதவியில் அமர்த்தப்பட்டார். அரங்கத்தின் சாவி கொடுத்தார்கள். அங்கீகரிக்கப்படாத பகுதியைக் காண மாட்டேன், கண்டாலும் சொல்ல மாட்டேன் என்று உறுதிமொழி வாங்கினார்கள். இரண்டாவது பொன்னாடை போர்த்தினார்கள். சோதனையில் தப்பித்தும் ஜெயராஜின் பயம் போகவில்லை. முன்பு சிரித்ததற்காகப் படிக்கட்டுப் போயிருக்கும். இனி விரல் பிசகினால் போகும்.

அந்த மாதம் முழுக்க அவர் சொட்டோடு வாழ்ந்தார். வீட்டில் குழாயைச் சற்றே திறந்து வைத்து, சொட்டு கிளம்பும்போது மேசையைத் தட்டிப் பழகினார். குமுதா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, குழாயை இறுக்கி மூடினார். "சங்கத்துல பதவி கெடச்சா மனுசன் திமிரா வருவான். நீங்க மட்டும்தான் காய்ச்சல் வந்த மாதிரி வரீங்க," என்றார்.

ஆண்டுவிழா பகல் இரண்டு மணிக்குத் தொடங்கியது. டத்தோ நான்கு மணிக்கு வந்தார். அவருக்காக விளக்கு மறுபடி ஏற்றப்பட்டது. ஏழு பொன்னாடைகளுக்குப் பிறகு படம் தொடங்கியது. பின்வரிசையில், பேரவை வாங்கியிருந்த புதிய கணினிக்குப் பக்கத்தில், ஜெயராஜ் ஒரு விரலைப் பொத்தானின் மேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பெண் கதவுக்கு வந்தாள். சொட்டு கிளம்பியது. விரல் தானாக விழுந்தது.

சொட்டு தரைக்கு ஒரு சாண் மேலே நின்றது.

பதினோரு நிமிடம் யாரும் மூச்சுவிடவில்லை. டத்தோ மட்டும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்வரிசையில் தலைவர் நிமிர்ந்திருந்தார். ஜெயராஜ் சொட்டைப் பார்த்தார். அன்று மெஷின் நிறுத்தியபோது சிரிப்பு வந்தது. இப்போது தன் விரல் நிறுத்தியிருக்கிறது, சிரிப்பு வரவில்லை. ஓர் ஆளைத் தண்ணீருக்கடியில் அமுக்கிப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. பதினோராம் நிமிடம் திரையைக் கறுப்பாக்கினார். எழுந்து நின்று கைதட்டினார்கள். டத்தோ உரையாற்றினார், தனக்கு ஒன்றுமே புரியவில்லை என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு பேரவைக்குக் கிடைத்ததில்லை.

எல்லாரும் கீழே உணவகத்துக்குத் தேநீருக்குப் போனார்கள். கணினியை மூடி, கதவைப் பூட்டிவிட்டு வருமாறு காப்பாளரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். ஜெயராஜ் கதவை உள்பக்கம் தாழிட்டார். தாழ்ப்பாளில் கை வழுக்கியது. உறுதிமொழி ஞாபகம் வந்தது. ராஜன் அட்டையைக் கழற்றியது ஞாபகம் வந்தது. திரும்பி வந்து பொத்தானை அழுத்தினார்.

சொட்டு விழுந்தது.

பெண் கதவைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் கடல் இருந்தது. வாசற்படி உயரத்துக்குக் கடல், ஒரு சொட்டுக்கூட உள்ளே வழியாமல், அலையடித்துக்கொண்டு. அவள் குனிந்து வாளியை முக்கி நிரப்பிக்கொண்டு, ஒன்றுமே நடக்காததுபோல் கதவைச் சாத்திவிட்டு வந்த வழியே நடந்தாள். லிஃப்டில் ஆடு காத்திருந்தது. வாளியில் வாய் வைத்து ஒரு மிடறு குடித்துவிட்டு, மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. ஜெயராஜ் சிரித்தார். இந்தத் தடவை மூக்கால் அல்ல. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இன்னும் ஐம்பது நிமிடம் படம் மீதி இருந்தது. அதன் பிறகு எத்தனை கதவுகள் வந்தன, எதன் பின்னால் என்ன இருந்தது என்பதெல்லாம் அவரோடு. ஒவ்வொரு கைப்பிடி திரும்பும்போதும் அவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார்.

முடிந்ததும் கதவைத் திறந்தார். படிக்கட்டில் சண்முகரத்தினம் உட்கார்ந்திருந்தார்.

மேல் படியில், குடையை மடியில் கிடத்தி, சுவரில் காதை வைத்தபடி. எவ்வளவு நேரமாக இருக்கிறாரோ. ஜெயராஜ் சாவியை நீட்டினார். தலைவர் வாங்கவில்லை. எழுந்தார். மேடைத் தமிழ் காணாமல் போயிருந்தது.

"ஜெயராஜ்," என்றார் தணிந்த குரலில். "அந்தப் பொம்பள கதவத் தொறந்தாளா?"

அவர் கண்ணில் இருந்ததை ஜெயராஜ் அடையாளம் கண்டுகொண்டார். மோட்டார் கண்ணாடியில் ஒரு வாரம் மறைக்கப் பார்த்தும் மறையாத அதே தேடல். சொல்லிவிடலாம் என்றுதான் வாய் வந்தது. ஆனால் அறுபது பக்கம் ஞாபகம் வந்தது. சொன்னால் அடுத்த மாதம் கடலுக்கு ஒரு மலர் வெளிவரும். டத்தோ வருவார். ஆட்டின் மூஞ்சியைப் பற்றி இராமலிங்கம் சிறப்புரை ஆற்றுவார். கடல் முன்னால் உட்கார்ந்து எதையும் எதிர்பார்க்காமல் இருக்க வகுப்பு நடத்துவார்கள். அவ்வளவு நாள் தனக்காகப் பயந்தவருக்கு இப்போது அந்தக் கடலுக்காகப் பயம் வந்தது.

"இல்ல சார்," என்றார். "அங்கேயே ஹேங் ஆயிடுச்சு. சொட்டு விழவே இல்ல."

தலைவர் நீண்ட மூச்சு விட்டார். அது நிம்மதியா வேறெதுவுமா என்று சொல்ல முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இரண்டு படி இறங்கினார். நின்றார்.

"உள்ள ஏதோ தண்ணிச் சத்தம் மாதிரி கேட்டுச்சு."

"மழை சார்."

படிக்கட்டு ஜன்னல் வழியே தலைவர் வெளியே பார்த்தார். பிரிக்ஃபீல்ட்ஸ் மாலை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கீழே பூக்கடைக்காரர் வாடாமலிருக்க மாலைகளின்மேல் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தார்.

"ஆமா, மழைதான்," என்றார் சண்முகரத்தினம். கீழே போய், குடையை விரித்து, தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறவரைப் போலக் கால்சட்டையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த வெயிலில் நடந்து போனார்.